காசிக்கு அனுப்பப்படும் பெண்கள்

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966இல் வெளிவந்தது. அன்று தொட்டு அந் நாவலைப் பற்றி எழுந்துவரும் விவாதங்கள் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே வட்டமிடுகின்றன. அலங்காரம் நல்லவளா, கெட்டவளா என்பதே அவ்வினா. விரிவுரை மண்டபத்தில் அது பாத்திரப் பண்பு என்ற பெயரிலும், பரீட்சைத் தாளில் உளவியல் நோக்கு என்ற பெயரிலும் உருமாறி வருகின்றது. உரு மாறினும் உள்ளடக்கம் மாறவில்லை. ஒரு பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, வாசகனை நீதிபதியாக்கும் விசாரணையே அது.

இவ்விசாரணையில் முத்திறத்தார் பங்குகொள்கின்றனர். முதலாமவர் ஒழுக்கவாதிகள். கணவன் உயிரோடிருக்கையில் வேறொருவனோடு உறவு கொண்ட தாயைச் சித்திரிப்பது பண்பாட்டுக்கு இழுக்கு என்பது அவர்களது தீர்ப்பு. இரண்டாமவர் அழகியல்வாதிகள். மனித மனம் ஆழங்காண முடியாத புதிர். அப்புதிரைக் கலைஞன் தொட்டுக் காட்டினான். அதற்கு மேல் பேசுவது இரசனைக் குறைவு என்பது அவர்களது வாதம். மூன்றாமவர் தம்மை முற்போக்காளர் எனக் கருதிக்கொள்வோர். நடுத்தர வர்க்கத்துக் குடும்பமொன்றின் அந்தரங்க ஏக்கம் சமூகப் பிரச்சினையே அன்று. அது தனிமனித விரக்தி. ஆகவே விமரிசகனின் கவனத்துக்கு உரியதன்று என்று அவர்கள் ஒதுக்கிவிடுகின்றனர்.

மூவரும் ஒருவரையொருவர் பகைப்பதாகத் தோன்றினும், ஒரு விடயத்தில் அவர்கள் ஒன்றுபட்டே நிற்கின்றனர். ஏக்கம் என்பது பெண்ணின் உள்ளத்துக்குள் மாத்திரம் நிகழ்வது என்றே மூவரும் நம்புகின்றனர். அவ்வேக்கம் குடியிருக்கும் வீட்டை எவரும் பார்ப்பதில்லை. அவ்வீடு யாருடையது, அதில் யார் தங்குகிறார், இறுதியில் யார் வெளியேறுகிறார் என்ற எளிய வினாக்களை எவரும் கேட்பதில்லை. அவற்றைக் கேட்டால் நாவல் வேறொரு நாவலாகத் தெரியத் தொடங்கும்.

'அம்மா வந்தாள்' எவ்வாறு முடிகிறது? காவிரிக் கரையிலுள்ள வேத பாடசாலையில் மகன் அப்புவைக் கண்டபின், அலங்காரம் காசிக்குச் செல்கிறாள். சிறுவயதிலேயே அவனை வேதம் படிக்க அனுப்பியவள் அவள். அவன் ரிஷியைப்போல் ஆனால் தன் பாவம் எரிந்து சாம்பலாகும் என்பது அவளது நம்பிக்கை. அவனோ பாடசாலையிலேயே வளர்ந்த இளம் விதவையான இந்துவைத் துணையாக ஏற்கிறான். மகனால் கிடைக்கவிருந்த கழுவாய் கைநழுவிப் போக, எஞ்சியது காசி ஒன்றே.

இம்முடிவைத் தனியாக வைத்துப் பார்ப்பதைக் காட்டிலும் இன்னொரு முடிவோடு இணைத்து நோக்குதல் வேண்டும். இரவீந்திரநாத் தாகூரின் 'சோக்கேர் பாலி' 1903இல் நூலாக வெளிவந்தது. கண்ணில் விழுந்த மணல் என்பது அப்பெயரின் பொருள். அதன் நாயகி வினோதினி, கல்வி கற்ற இளம் விதவை. மகேந்திரன் அவளை மணக்க மறுத்தான், பிஹாரியும் மறுத்தான், வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட்டு விரைவில் கைம்பெண்ணானாள். பின்பு மகேந்திரனின் வீட்டுக்கே வந்து சேர்கிறாள். அவ்வீட்டின் வேலைகளை அவள் கை சீர்செய்கிறது. நோயுற்ற இராஜலட்சுமியை அவள் கை பராமரிக்கிறது. இல்லத்தரசிக்கு வேண்டிய திறமை அனைத்தும் அவளிடம் உண்டு. இல்லம் மாத்திரம் இல்லை. ஈற்றில் பிஹாரி அவளை மணக்க முன்வரும்போது அவளே மறுக்கிறாள். மறுத்துவிட்டு, அன்னபூர்ணாவோடு காசிக்குச் செல்கிறாள்.

அறுபத்து மூன்று ஆண்டு இடைவெளியில், இரு வேறு மொழிகளில், இருபெரும் கலைஞர்கள் தம் நாயகியரை ஒரே ஊருக்கு அனுப்பியுள்ளனர். இதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாமா?

காசியில் இறப்போர் முத்தியடைவர் என்பது சமய நம்பிக்கை. ஆனால் காசிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. வங்காளத்து விதவையர் பெருந்தொகையாக அங்கு போய்ச் சேர்ந்தமைக்குப் பக்தி மாத்திரம் காரணமன்று. வங்காளத்தில் நிலவிய தாயபாக முறைப்படி, ஆண்மகவில்லாத விதவைக்குக் கணவனது சொத்தில் வாழ்நாள் உரிமை இருந்தது. உரிமையுள்ள விதவை வீட்டில் இருப்பது உறவினருக்கு இடைஞ்சல். உரிமையற்ற விதவையோ அவர்களுக்கு வெறும் செலவு. சிறுதொகைப் பணத்தை மாதந்தோறும் அனுப்பிவிட்டு அவளைக் காசியில் இருத்துவது இரு நிலையிலும் குடும்பத்துக்கு இலாபமாயிற்று. ஆகவே காசி என்பது புண்ணிய தலம் மாத்திரமன்று. வீட்டில் இடமற்ற பெண்ணை வைப்பதற்குச் சமூகம் கண்டுபிடித்த இடமும் அதுவே. இந்த வரலாற்றை மறந்துவிட்டு, நாவலின் இறுதிப் பக்கத்தில் காசியைக் கண்டதும் ஆன்ம ஈடேற்றம் என்று கைகூப்புவது விமரிசனமாகாது.

சட்டத்தை நோக்கினாலும் இவ்வுண்மை புலப்படும். இந்து விதவையர் மறுமணச் சட்டம் 1856இல் நிறைவேறியது. வினோதினி பிஹாரியை மறுத்தபோது அச்சட்டத்துக்கு வயது ஏறத்தாழ ஐம்பது. இந்து விவாகச் சட்டம் 1955இல் மணவிலக்குக்கு வழிவகுத்தது. மறு ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் சொத்துரிமையை விரிவாக்கியது. பத்தாண்டு கழித்து வெளிவந்த நாவலில் அலங்காரத்துக்கு இவை எவையும் எட்டவில்லை. சட்டம் கதவைத் திறந்தது, வீடு திறக்கவில்லை. இந்த இடைவெளியே குடும்ப நாவலின் பொருள். இதைச் சமூகப் பிரச்சினை அன்று என்போர் வேறு எதைச் சமூகம் என்பர்?

முற்போக்கு விமரிசனத்தின் பெயரால் இத்தகைய நாவல்களை ஒதுக்குவோர் தம் மூலநூல்களையே மறந்தவராவர். குடும்பத்தையும் தனிச்சொத்தையும் அரசையும் ஒரே தலைப்பில் இணைத்து ஏங்கெல்ஸ் தமது நூலை வெளியிட்டது 1884இல். குடும்பம் ஒரு பொருளாதார நிறுவனம் என்பது அதன் அடிப்படைக் கருத்து. ஈழத்தில் க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) நாவலைச் சமூக வரலாற்றோடு இணைத்துப் படிக்கும் நெறியை வலியுறுத்தியது. அந்நெறி சரியானது. அதனை வயலுக்கும் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் பொருத்திவிட்டு, அடுக்களை வாசலில் நின்றுவிடுவதுதான் தவறு. கூலிக்காரனின் கோபம் சமூகத்தது, மனைவியின் ஏக்கம் தனிமனிதருடையது என்று பிரிப்பதற்கு எந்தத் தத்துவத்திலும் ஆதாரமில்லை.

இனி, நாவல்களில் ஆடவர்க்கு நேர்வது யாதென நோக்கலாம். 'சோக்கேர் பாலி'யில் மனைவியைக் கைவிட்டு வினோதினியோடு ஊர் ஊராக அலைந்தவன் மகேந்திரன். அவன் வீடு திரும்புகிறான். மரணப் படுக்கையிலுள்ள தாய் மன்னிக்கிறாள். மனைவி ஆஷாவும் மன்னிக்கிறாள். 'அம்மா வந்தாள்' நாவலில் வேதாந்தம் அறிந்த தண்டபாணிக்குத் தன் மனைவியின் உறவு தெரியும். தெரிந்தும் அவர் மௌனமாக வாழ்கிறார். வீடும் அவருக்கு உண்டு. வசதி படைத்த சிவசு அவ்வீட்டுக்கு வெளிப்படையாகவே வந்து போகிறான். அவன் எதையும் இழக்கவில்லை; கழுவாய் தேடி எந்த ஊருக்கும் போகவில்லை. ஒரே செயலில் பங்குகொண்ட இருவருள் ஒருத்திக்கே பாவம் உண்டு, ஒருத்திக்கே பயணச்சீட்டு உண்டு என்றால், அங்கே தொழிற்படுவது மனத்தின் புதிரா, சமூகத்தின் நியதியா?

ஐரோப்பிய நாவல்களும் தம் நாயகியரைக் கொன்றனவே என்று சிலர் வாதிக்கலாம். புளோபேரின் 'மதாம் பொவாரி' 1856இல் தொடராக வெளிவந்து, 1857இல் வழக்கைச் சந்தித்து விடுதலை பெற்றது. அதில் எம்மா நஞ்சுண்டு மடிகிறாள். ஆனால் அவளை நஞ்சிடம் துரத்துவது காதல் தோல்வி மாத்திரமன்று. புடைவை வணிகன் லெர்ரோ நீட்டிய கடன் பத்திரங்களும், எண்ணாயிரம் பிராங் கேட்டு வந்த கட்டளையும், உதவ மறுத்த ஆடவரும் ஒவ்வொருவராக வரிசையில் நிற்கின்றனர். டால்ஸ்டாயின் அன்னா கரீனினாவுக்குச் சமுதாயம் கதவடைக்கிறது. அதே சமுதாயம் விரோன்ஸ்கிக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. இந்த ஓரவஞ்சனையை டால்ஸ்டாய் கண்முன் நிறுத்துகிறார். ஆகவே எம்மாவையும் அன்னாவையும் யார் கொன்றார் என்பதை வாசகன் அறிவான். மரணத்தை எவரும் புண்ணியம் என்று மயங்குவதில்லை. காசி முடிவோ அவ்வாறன்று. வெளியேற்றத்தை யாத்திரையாக்கி, தண்டனையை அருளாக்கிக் காட்டிவிடுகிறது. அதன் அபாயம் அதுவே.

இக்காரணத்தால் இரு நாவல்களையும் ஒரே தட்டில் வைத்துக் கண்டிப்பதும் பொருந்தாது. வினோதினியின் மறுப்பு அவள் வாயில் ஆசிரியர் வைத்த மறுப்பு. நாவல் முழுவதும் தன் உரிமையைக் கேட்டுநின்ற ஒருத்தி, அது கைக்கெட்டும் தறுவாயில் தன்னைத் தானே தகுதியற்றவளாக்கிக் கொள்கிறாள். அம் முடிவு குறித்துத் தாகூரே பிற்காலத்தில் வருந்தினார் என்பதை அவரது பக்தர்கள் மறைத்தல் ஆகாது. 2003இல் ரிதுபர்ணோ கோஷ் அந்நாவலைத் திரைப்படமாக்கியபோது முடிவை மாற்றியமைத்தார் என்பதும் கருதத்தக்கது.

அலங்காரத்தின் நிலை வேறு. காசி அவளது நம்பிக்கையோடு பொருந்துவது. மகனைக் கொண்டு தன்னைக் கழுவ எண்ணியவள், அது கைகூடாதபோது கங்கையை நாடுவது அவளது தர்க்கத்துக்கு உட்பட்டதே. இதைச் சுட்டி, அவள் தானே விரும்பிச் சென்றாள், எவரும் துரத்தவில்லையே என்பர். விருப்பம் உண்மைதான். எவற்றுக்கிடையிலான விருப்பம் என்பதே கேள்வி. கணவன் வீட்டில் அவள் வாழ்ந்தது குற்றவாளியாக. மகனிடம் வந்தது கழுவாய் தேடுபவளாக. இவ்விரண்டுமற்ற வெறும் மனுஷியாக அவள் அமரக்கூடிய திண்ணை நாவலில் எங்கும் இல்லை. அத் திண்ணை இன்மையைக் காட்டிய அளவில் ஜானகிராமன் பெரிய கலைஞர். அதனைக் காணாமல் அவளது தோற்றப்பொலிவிலும் கம்பீரத்திலும் மயங்கி நிற்பது வாசகரின் குறைபாடு.

நாவலே அதற்கு விடையும் வைத்துள்ளது. காசிக்குப் போகாத ஒரு விதவை அதில் இருக்கிறாள். இந்து தன் ஆசையை மறைக்கவில்லை. அப்புவிடம் அதை நேரே சொல்கிறாள். அவன் தாயைப் பற்றிய உண்மையையும் அவளே உடைக்கிறாள். வினோதினிக்குக் கிட்டாத வாழ்வு இந்துவுக்குக் கிட்டுகிறது. எங்கே கிட்டுகிறது? ஆடவர் தலைமை தாங்கும் சென்னை வீட்டில் அன்று. பவானியம்மாள் என்ற பெண் நிலைநிறுத்தி நடத்தும் பாடசாலையில். வேதம் ஒலிக்கும் இடம் அது. ஆசாரத்தின் கோட்டை அது. எனினும் நிர்வாகம் ஒரு பெண்ணின் கையில் இருப்பதால், இன்னொரு பெண்ணின் ஏக்கத்துக்கு அங்கே இடமுண்டாகிறது. புதிர் என்று அழகியல்வாதிகள் வியந்ததும், அற்பம் என்று முற்போக்காளர் ஒதுக்கியதும் இங்கே தெளிவான சமூக உண்மையாக நிற்கின்றன. மனம் எவ்வளவு பெரிதாயினும் அதற்கு நிற்க ஒரு நிலம் வேண்டும்.

ஆகவே, அலங்காரம் நல்லவளா கெட்டவளா என்ற வினாவைப் பரீட்சைத் தாள்களிலிருந்து நீக்கிவிடலாம். அதற்கு எழுதப்படும் விடைகள் அலங்காரத்தைப் பற்றியவை அல்ல. எழுதுவோரின் வளர்ப்பைப் பற்றியவை. சென்னை வீட்டில் தங்கியவர் யார், வெளியேறியவர் யார், வெளியேற்றத்துக்குச் சூட்டப்பட்ட பெயர் என்ன என்ற வினாக்கள் அவ்விடத்தில் அமைதல் வேண்டும். குடும்பத்தைப் பற்றிய எந்த நாவலுக்கும் அவ்வினாக்கள் பொருந்தும். அவை கேட்கப்படாதவரை, காசிக்குச் செல்லும் பெண்ணை வழியனுப்பிவிட்டு வீட்டுக்குள் திரும்பும் உறவினர் கூட்டத்தில்தான் விமரிசகரும் நின்றுகொண்டிருப்பர்.