மெஷினில் ஓடிய கால் வெயிலுக்குப் பழகிவிடுமா?



நம் பிள்ளைகள் பலர் இன்று தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் வேலை பார்க்கிறார்கள். வேலை முடிந்ததும் ஜிம்முக்குப் போய் டிரெட்மில் என்ற ஓடும் மெஷினில் ஓடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்கள் ஐந்து பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இனிப்பு நீர் வியாதி இருந்தது. அப்படிப்பட்ட நாட்டில் ஓடுகிற பிள்ளையை யாரும் தடுக்கக் கூடாது.

ஆனால் மெஷினில் பத்து கிலோமீட்டர் ஓடி முடித்த தைரியத்தில், நேராக 21 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிடுகிறார்களே, அதுதான் கவலை. "ஏம்ப்பா, வெக்கையைத் தாங்குவியா?" என்று கேட்டால், "நாங்க தோட்டத்து ஆளுங்க ஐயா, வெயில் எங்களுக்குப் பழகினதுதானே" என்று சிரிக்கிறார்கள். வீட்டில் பெரியவர்களும் அதையே பெருமையாகச் சொல்கிறார்கள். இந்தப் பேச்சுதான் ஆபத்தானது என்பது என் அபிப்பிராயம்.

வெயில் பழக்கம் நகைநட்டு மாதிரி தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவதில்லை. பால் வெட்டிய தாய் தினமும் வெளிக்காட்டில் நடந்தார், குனிந்தார், வாளி சுமந்தார். அதனால் அவர் தேகம் உஷ்ணத்துக்குப் பழகியது. அப்படிப் பழகிய உடம்பில் வேர்வை சீக்கிரம் வரும், தாராளமாக வரும், அதோடு போகிற உப்பு குறையும். ரத்தத்தில் நீர் கூடும். இருதயம் பதறாமல் அடிக்கும். இதற்கெல்லாம் தினசரி வெக்கையில் உடம்பை அசைத்து ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். அதை விட்டுவிட்டால் சில வாரங்களிலேயே அந்தப் பலன் போய்விடும். பகலெல்லாம் ஏர்கோன் தொழிற்சாலை, மாலையில் ஏர்கோன் ஜிம் என்று இருக்கிற பிள்ளைக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

"பந்தயம் விடியற்காலையில்தானே?" என்பீர்கள். நம் நாட்டு விடியற்காலையில் வெயில் இல்லை, உண்மை. ஆனால் காற்றில் ஈரம் அப்போதுதான் மிக அதிகம். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் அது காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும்.

காலுக்கும் வித்தியாசம் உண்டு. மெஷின் சமமாக இருக்கிறது, வேகத்தையும் அதுவே பிடித்துக் கொடுக்கிறது. ரோட்டில் மேடு பள்ளம், சரிவு, வளைவு எல்லாம் உண்டு. கூட்டத்தோடு சேர்ந்து முதல் கிலோமீட்டரிலேயே பாய்ந்து ஓடிக் களைத்துப் போகிறவர்கள்தான் அதிகம். இறக்கத்தில் தொடையும் முழங்காலும் வாங்குகிற அடியைச் சமமான மெஷின் காட்டித் தருவதில்லை.

ஆகவே பிள்ளைகளே, இப்படிச் செய்யுங்கள். பந்தயத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே வாரத்தில் ஒருநாள் ரோட்டில் ஓடத் தொடங்கி, பிறகு இரண்டு நாள், மூன்று நாள் என்று கூட்டுங்கள். முதல் பந்தயம் 5 அல்லது 10 கிலோமீட்டர் போதும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடக்கூடிய வேகம்தான் சரியான வேகம். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் போய் ஓடாதீர்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் கட்டிய பணம் போனால் போகிறது என்று வீட்டில் இருங்கள். சில வலி மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு ஓடினால் சிறுநீரகம் கெடக்கூடும். இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, நெஞ்சு வலி உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

தண்ணீர் தாகத்துக்குத் தகுந்தபடி குடியுங்கள். அளவுக்கு மீறிக் குடித்தாலும் ரத்தத்தில் உப்பு குறைந்து ஆளைச் சாய்த்துவிடும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு அப்படி உப்பு குறைந்திருந்தது.

கூடப் போகிறவர்கள் இதை மனத்தில் வையுங்கள். ஓடுகிறவர் தள்ளாடினால், உளறினால், இடம் தெரியாமல் விழித்தால் அது வெறும் களைப்பு அல்ல, வெப்பத் தாக்காக இருக்கலாம். வேர்வை வழிந்துகொண்டிருந்தாலும் ஏமாறாதீர்கள். உடனே நிழலில் கிடத்தி 999க்கு அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல் உடம்பு முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள், விசிறுங்கள். ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருந்தால் தலையை மேலே தாங்கிப் பிடித்துக் கழுத்துவரை அதில் அமர்த்துவதே சிறந்தது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் உடம்பு குளிர்ந்தால் உயிர் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

மெஷினை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடி மின்னலிலும் புகைமூட்டத்திலும் அதுதான் நல்லது. 2015 அக்டோபரில் புகைமூட்டத்தால் கோலாலம்பூர் மாரத்தானையே ரத்து செய்தார்களே! பெண் பிள்ளைகளுக்கு இருட்டில் தனியாக ஓடுவதைவிட ஜிம்மே பாதுகாப்பு. ஆனால் மெஷின் காட்டுவது நீங்கள் ஓடிய தூரத்தை மட்டும்தான். வெக்கையை உடம்பு தாங்குமா என்று அது சொல்லாது.

பெற்றோர்களே, பிள்ளை லீவில் வீட்டுக்கு வந்தால் காலையில் தூங்க விடாமல் தோட்டத்துச் செம்மண் ரோட்டுக்கு அனுப்புங்கள். அங்கே மாதக் கட்டணம் கிடையாது. "நீ தோட்டத்துப் பிள்ளை, உனக்கு ஒன்னும் ஆகாது" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். "ரெண்டு வாரமாவது வெளியில ஓடிப் பழகினியா?" என்று கேட்டு அனுப்புங்கள்.