உடலும் உயிரும்

ஆவடிச் சாலையில் விரையும் சொகுசுக் கார்களை வியந்து நோக்கும் மாணவச் செல்வங்களே, ஒரு பழஞ்செய்தி கேண்மின்! 1985இல் வண்டலூர் ஸ்டாண்டர்டு நிறுவனம் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்னும் உயர்விலைக் காரை வெளியிட்டது. புறத்தே இங்கிலாந்து ரோவர் காரின் எழிலுடல். அகத்தேயோ பழைய வான்கார்டு எஞ்சின்! எரிபொருளை மிகுதியாய்க் குடித்த அக்கார் விலைபோகவில்லை. 1988இல் உற்பத்தி நின்றது.

செங்கற்பட்டு அருகே, 2007இல் ஆலை நிறுவிய பி.எம்.டபிள்யூ வேறுவழி தேர்ந்தது. பாகங்களைத் தருவித்து இங்குப் பொருத்தியதெனினும், தோற்றத்திற்கேற்ற எஞ்சினையே அளித்தது. வாங்குவோர் சிலரே, ஆயினும் நிலைத்தது.

தோற்றத்தை மட்டும் இரவல் பெறுவது வணிகத்திற்கும் உதவாது, கல்விக்கும் உதவாது. புதிய பாடத்திட்டத்தை ஏற்றுப் பழைய குறிப்பேட்டையே படிக்கும் ஆசிரியர்களாகிய எமக்கும் இஃதொரு பாடமன்றோ!