பல்லைக் கெடுப்பது திரையா, தீனியா?

"கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தால் பல் சொத்தையாகிவிடும் என்று அம்மா திட்டுகிறார். அது உண்மையா, டீச்சர்?"

படிவம் 2 மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டதும் வகுப்பே சிரித்தது. எனக்கோ அது நல்லதோர் அறிவியல் கேள்வியாகப் பட்டது.

திரையின் முன் அதிக நேரம் செலவிடும் பிள்ளைகளிடம் பற்சொத்தையும் அதிகம் காணப்படுவதாகப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால், இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. கைப்பேசியின் ஒளி பல்லைத் துளைப்பதில்லை. அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில் இருப்பது எது?

நம் பற்களின் மேல் பாக்டீரியாக்கள் மெல்லிய படலமாகப் படிந்திருக்கின்றன. நாம் இனிப்பு உண்டதும் அவை அந்தச் சர்க்கரையைச் சில நிமிடங்களிலேயே அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேல் பி.எச். மதிப்பு ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினால், எனாமலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். அப்போது காப்பாற்ற வருவது உமிழ்நீர். அது அமிலத்தைச் சமன்செய்து, இழந்த தாதுக்களை எனாமலுக்குத் திருப்பித் தருகிறது. இந்த வேலைக்கு அதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ தேவைப்படும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு போத்தல் இனிப்புப் பானத்தை மதிய உணவோடு 5 நிமிடத்தில் குடித்து முடித்தால், பற்கள் ஏறக்குறைய 35 நிமிடம் அமிலத்தைத் தாங்குகின்றன. அதே போத்தலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காணொளி பார்த்தபடி 15 நிமிடத்துக்கு ஒரு மிடறாக 2 மணி நேரம் குடித்தால்? உமிழ்நீர் வேலையை முடிப்பதற்குள் அடுத்த மிடறு வந்துவிடும். பற்கள் இரண்டரை மணி நேரம் அமிலத்தில் ஊறும். குடித்த சர்க்கரையின் அளவு மாறவில்லை. பல்லுக்கு ஏற்படும் கேடு மாறிவிட்டது.

திரை செய்யும் தவறு இதுதான். கண் விளையாட்டில் இருக்கும்போது கை தானாகவே பிஸ்கட் பொட்டலத்துக்குப் போகிறது. எத்தனை முறை போனது என்பது நமக்கே தெரிவதில்லை.

இரவில் நிலைமை இன்னும் மோசம். தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். நள்ளிரவு வரை கைப்பேசி பார்த்துவிட்டு, பல் துலக்கச் சோம்பல்பட்டு அப்படியே படுத்துவிட்டால், பாக்டீரியாக்களுக்கு விடிய விடிய விருந்துதான்.

அறிவுரை சொல்லும் நானும் தப்பவில்லை. கணினியின் முன் உட்கார்ந்து மதிப்பெண்களைப் பதிவு செய்யும்போது, ஒரு குவளை இனிப்புக் காப்பியை ஆற அமர ஒரு மணி நேரம் குடிப்பது என் வழக்கம். கடைவாய்ப் பல் ஒன்றை அடைக்க வேண்டி வந்த பிறகுதான் புத்தி வந்தது.

ஆகவே, 'கைப்பேசியைத் தொடாதே' என்று தடை போடுவது மட்டும் இதற்குத் தீர்வு என்று நான் நினைக்கவில்லை. வீட்டுப்பாடமே திரையில் வரும் காலம் இது. திரையையும் தீனியையும் பிரித்து வைப்பதே எளிய வழி. பசித்தால் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, மேசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். திரையின் முன் வெறும் தண்ணீர் மட்டும் இருக்கட்டும். நம் நாட்டின் பல மாநிலங்களில் குழாய் நீரில் ஃபுளோரைடு சேர்க்கப்படுகிறது. அது எனாமலை வலுப்படுத்தும். இரவு உணவு முடிந்து சிறிது நேரத்தில் ஃபுளோரைடு பற்பசையால் பல் துலக்கிவிடுங்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றும் வரை தள்ளிப்போட வேண்டாம். அதன்பின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகக்கூடாது.

நான் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். நாளை ஒரு நாள் மட்டும், தண்ணீரைத் தவிர எது வாய்க்குள் போனாலும் அந்த நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். அப்போது திரையின் முன் இருந்தீர்களா என்பதையும் எழுதுங்கள். இரவில் எண்ணிப் பாருங்கள்.

அந்த மாணவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அம்மா சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி, கைப்பேசியைப் பிடிக்காத இன்னொரு கையில் இருக்கிறது."