ஆரைக் கேட்டு எடுத்த தண்ணி?



சுன்னாகம் எண்டதும் எங்களுக்குக் கோபம் வரும். மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் சுண்ணாம்புக்கல் நிலத்துக்குள் இறங்கி ஊர்க் கிணறுகளைக் கெடுத்தது. 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம் நொதேர்ன் பவர் கம்பனியை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. அந்தக் கோபம் நாங்கள் இப்ப வாழுற மண்ணுக்கும் வரவேணும் என்கிறேன்.

ரொறன்ரோவிலிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கிற அபர்ஃபொயிலில் நாளொன்றுக்கு 36 லட்சம் லீற்றர் நிலத்தடி நீர் எடுக்க நெஸ்லே அனுமதி வைத்திருந்தது. 10 லட்சம் லீற்றருக்கு மாகாணம் வாங்கிய கட்டணம் 3.71 டொலர். 2017இல் அது 503.71 டொலர் ஆனது. அப்பவும் லீற்றருக்கு ஒரு சதத்தின் இருபதில் ஒரு பங்குதான். அதே கிராண்ட் ஆற்றுப் படுகையில் சிக்ஸ் நேஷன்ஸ் மக்களின் எத்தனையோ வீடுகளுக்குச் சுத்திகரித்த குழாய்த் தண்ணி போய்ச் சேரவில்லை.

சட்டம் இல்லாமல் இது நடக்கவில்லை. ஒன்ராறியோவில் நாளுக்கு 50,000 லீற்றருக்கு மேல் எடுக்க அனுமதி வேணும். 2021 முதல், போத்தல் கம்பனி புதிதாகப் பெருமளவில் எடுப்பதென்றால் உள்ளூர் நகரசபையும் சம்மதிக்க வேணும். நல்லது. ஆனா அந்த நிலத்தின் முதற்குடிகளோடு கலந்து பேசினால் போதும்; வேண்டாம் என்று மறிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

எங்கட கிணத்தை எங்களைக் கேட்காமல் கெடுத்தவனை மன்னிக்காத நாங்கள், இஞ்சயும் அதையே கேட்க வேணும். ஸ்காபரோவில் வாக்குக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் கேளுங்கோ: சிக்ஸ் நேஷன்ஸ் வேண்டாம் எண்டால் நிப்பாட்டுவீங்களா?