மூளைவாதம்: ஒரு பெயர், பல விதமான பிள்ளைகள்



"இவன்ட வாப்பாவும் பிந்தித்தான் நடந்தவர்" என்று மூத்தம்மா சொல்வார். "யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்பார் பக்கத்து வீட்டு மாமி. தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள், எண்ணெய் பூசுவார்கள். இப்படியே நாட்கள் போகும். எட்டு மாதமாகியும் உட்காராத பிள்ளைக்கு ஒன்றரை வயதாகிவிடும். ஓதிப் பார்க்க வேண்டாம் என்று இங்கே சொல்ல வரவில்லை. துஆவும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. துஆச் செய்துகொண்டே பிள்ளையைக் கிளினிக்குக்கும் தூக்கிக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்கிறோம்.

இப்படித் தாமதமாகும் பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது மூளைவாதம். வைத்தியர்கள் 'செரிபிரல் பால்சி' என்பார்கள். உலகில் பிறக்கும் ஆயிரம் பிள்ளைகளில் சுமார் 2 அல்லது 3 பேருக்கு இது ஏற்படுகிறது. வளர்ந்துவரும் மூளையில், உடலின் அசைவை நடத்தும் பகுதிக்குச் சேதம் வந்துவிடுகிறது. இது தொற்றும் நோயல்ல. மூளையில் ஏற்பட்ட அந்தச் சேதம் நாளுக்கு நாள் பெருகுவதுமில்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் கைகால்கள் மடங்கி இறுகிப்போகும். இடுப்பு மூட்டு விலகும்.

இந்த ஒரே பெயருக்குள் பல வகைகள் இருக்கின்றன. பிள்ளைக்கு எந்த வகை என்பதைத் தெரிந்துகொண்டால்தான் எப்படித் தூக்குவது, எப்படி ஊட்டுவது, எதை எதிர்பார்ப்பது என்பது தாய்க்கு விளங்கும்.

இறுக்க வகை

பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேருக்கு இருப்பது இதுதான். தசைகள் விறைத்து நிற்கும். இதிலும் மூன்று விதம் உண்டு.

முதலாவது, உடலின் ஒரு பக்கக் கையும் காலும் மட்டும் பாதிக்கப்படுவது. பிள்ளை ஒரு வயதுக்கு முன்பே எதையும் ஒரே கையால்தான் எடுக்கும். மற்றக் கையைப் பொத்தியே வைத்திருக்கும். "என் மகன் இடக்கைக்காரன்" என்று நாம் சிரித்துவிட்டுப் போவோம். ஒரு வயதுக்குள் எந்தப் பிள்ளையும் இடக்கை, வலக்கை என்று பிரித்துப் பழகுவதில்லை. அப்படிப் பிரித்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாவது, கால்கள் இரண்டும் கூடுதலாக இறுகுவது. மாதம் நிறைவதற்கு முன் பிறந்த பிள்ளைகளிடம் இதை அதிகம் காணலாம். நிறுத்திப் பிடித்தால் கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும், நுனிக்காலில் நிற்கும். இவர்களில் பலர் பிந்தியாவது நடக்கிறார்கள்.

மூன்றாவது, கை, கால், முதுகு, வாய் எல்லாம் பாதிக்கப்படுவது. இவர்களுக்கு விழுங்குவதிலும் சிரமம் இருக்கலாம், வலிப்பும் வரலாம்.

இறுகிய காலை வேகமாக இழுத்து நீட்டாதீர்கள். வேகமாக இழுத்தால் தசை இன்னும் இறுகும். மெதுவாக, பொறுமையாக நீட்டினால் இளகும். கால்கள் பின்னிக்கொள்ளும் பிள்ளையைக் கால்கள் இரண்டும் விரிந்திருக்கும்படி உங்கள் இடுப்பில் வைத்துத் தூக்குங்கள். நம் தாய்மார் காலங்காலமாகத் தூக்கிவந்த அதே முறைதான். அதுவே இந்தப் பிள்ளைக்கு ஒரு பயிற்சி.

அடங்காத அசைவு வகை

இந்தப் பிள்ளையின் கைகளும் முகமும் அதன் விருப்பமின்றியே நெளியும், முறுகும். சாமானை எடுக்கக் கை நீட்டினால் கை வேறெங்கோ போகும். சந்தோஷத்திலும் பயத்திலும் அசைவு கூடும், தூங்கும்போது அடங்கிவிடும். பகலில் நெளிந்து இரவில் அமைதியாவதைப் பார்த்து 'ஜின் பிடித்திருக்கிறது' என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. இது மூளையின் அடிப்பகுதியிலுள்ள சில நரம்புக் கூட்டங்கள் சேதப்பட்டதன் விளைவு.

பிறந்த குழந்தைக்கு வரும் கடும் மஞ்சள் இதற்கு ஒரு காரணம். பல குழந்தைகளுக்கு வரும் மஞ்சள் தானே மாறிவிடும் என்பது உண்மைதான். ஆனால் பிறந்த முதல் நாளே மஞ்சள் தெரிந்தாலோ, அது உள்ளங்கை, பாதம் வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ இளவெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். நேரத்தோடு ஒளிச் சிகிச்சை செய்தால் இந்த வகை மூளைவாதம் வராமலே தடுக்கலாம்.

தள்ளாட்ட வகை

இது மிகக் குறைவு. உடலின் சமநிலையைக் காக்கும் சிறுமூளை பாதிக்கப்படுவதால் வருவது. பிள்ளை கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடி நடக்கும். பொத்தான் போடும்போதும் கரண்டியைப் பிடிக்கும்போதும் கை நடுங்கும். இதே அடையாளங்களோடு வேறு நோய்களும் வருவதால் வைத்தியர்கள் நன்றாகப் பரிசோதித்த பிறகே பெயர் சொல்வார்கள். சில பிள்ளைகளிடம் இரண்டு வகைகள் கலந்தும் இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். நன்றாக நடந்த பிள்ளை நடையை மறந்தாலோ, பேசிய பிள்ளை பேச்சை இழந்தாலோ அது மூளைவாதமாக இராது. உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டிய வேறு நோய் அது.

வாய் பேசாவிட்டாலும்

நாம் அடிக்கடி செய்யும் அநியாயம் ஒன்றுண்டு. வாயில் எச்சில் வடிகிறது, பேச்சு வரவில்லை, கை நெளிகிறது என்றால் "புத்தி இல்லாத பிள்ளை" என்று பிள்ளையின் முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். மூளைவாதமுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அறிவு வளர்ச்சியில் எந்தக் குறையும் இல்லை. அசைவு அடங்காத வகைப் பிள்ளைகளில் எல்லாம் விளங்கிக்கொண்டு, சொல்ல வழியில்லாமல் தவிப்பவர்கள் பலர்.

அயர்லாந்தில் 1932இல் பிறந்த கிறிஸ்டி பிரவுன் அப்படி ஒரு பிள்ளை. 'இவனுக்குப் புத்தி வராது' என்று பிறர் சொன்னதை அவருடைய தாய் ஏற்கவில்லை. வீடு நிறையப் பிள்ளைகளும் வறுமையும் இருந்தும் அவரோடு பேசினார், கற்றுக்கொடுத்தார். ஐந்து வயதளவில் அந்தப் பிள்ளை தன் இடது கால் விரல்களால் சோக்கைப் பிடித்துத் தரையில் எழுதத் தொடங்கினான். 1954இல் அவர் தன் வாழ்க்கையை எழுதிய புத்தகத்தின் பெயரே 'எனது இடது பாதம்' என்பதுதான்.

உங்கள் பிள்ளையிடமும் பேசுங்கள். "ஆம்" என்றால் மேலே பார், "இல்லை" என்றால் கண்ணை மூடு என்று பழக்குங்கள். படங்களைக் காட்டி, வேண்டியதைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். படுக்க வைத்து ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல் பிடித்துச் சிறிது சிறிதாக ஊட்டுங்கள். சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

யார் குற்றம்?

கர்ப்பகாலத்தில் தாய் அதைச் சாப்பிட்டாள், மஃரிபு நேரத்தில் வெளியே போனாள் என்று மருமகள்மாரைக் குற்றம் சாட்டும் பேச்சை நிறுத்துவோம். குறைமாதப் பிறப்பு, கர்ப்பத்தில் வந்த தொற்று, பிறந்தபின் வந்த மூளைக்காய்ச்சல் எனக் காரணங்கள் பல. பல பிள்ளைகளில் காரணம் இன்னதென்று வைத்தியராலும் சொல்ல முடிவதில்லை.

நாலு மாதமாகியும் தலை நிற்காமை, எந்நேரமும் கை பொத்தியிருத்தல், எட்டு மாதத்தில் உட்காராமை, ஒன்றரை வயதில் நடக்காமை ஆகியவற்றில் ஏதேனும் கண்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். குறைமாதப் பிள்ளைக்கு, பிறக்க வேண்டியிருந்த நாளிலிருந்து மாதத்தைக் கணக்கிட வேண்டும். கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே, பேராதனை சிறுவர் வைத்தியசாலை போன்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் பிள்ளைக்கு எந்த வகை? வீட்டில் நான் செய்ய வேண்டிய பயிற்சி எது? இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டுமா?

நின்று தொழ முடியாதவருக்கு இருந்து தொழவும், அதுவும் முடியாதவருக்குப் படுத்துத் தொழவும் இடம் தந்த மார்க்கம் நம்முடையது. தொழுகையில் அல்லாஹ் கொடுத்த இடத்தை, குர்ஆன் மத்ரஸாவின் பாயிலும் கலியாண வீட்டிலும் பெருநாள் திடலிலும் இந்தப் பிள்ளைகளுக்கு நாம் மறுக்கலாமா? அறைக்குள் ஒளித்து வைக்காமல் அழைத்து வாருங்கள். மற்றப் பிள்ளைகள் முதல் நாள் உற்றுப் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் விளையாடக் கூப்பிடுவார்கள்.