காலி வீதியின் மறுமுனை

கனடாவில் வசிக்கும் எனது பல்கலைக்கழகக் கால நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் பேசினார். குடும்பத்துடன் மூன்று வாரங்கள் இலங்கையில் தங்கப்போவதாகவும் யாழ்ப்பாணம், திருகோணமலை எல்லாவற்றுக்கும் நாள் குறித்தாயிற்று என்றும் கூறிய அவர், கொழும்பில் நிற்கும் காலத்தில் ஒரு சனியும் ஞாயிறும் மாத்திரம் வெறுமனே கிடப்பதாகச் சொன்னார். பிள்ளைகளுடன் போய்வரக்கூடிய அழகான கடற்கரைப் பட்டினம் ஒன்றைச் சொல்லுமாறு கேட்டார். நான் சற்றும் யோசிக்காமல் காலி என்றேன். சிறிது நேரம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு, "அங்கை எங்களுக்கு என்னடாப்பா கிடக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி அவருடையது மாத்திரமல்ல. கொழும்பில் வாழும் தமிழர்களில் பலர் வாய்விட்டுக் கேட்காமல் மனதில் வைத்திருக்கும் கேள்விதான் அது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் எம்மவர்களின் அன்றாட வாழ்வு காலி வீதியிலேயே நடக்கிறது. புடைவைக் கடையும் நகைக் கடையும் மருந்துக் கடையும் அந்த வீதியிலேதான். வெளிநாடுகளில் இருந்து பிள்ளைகள் அனுப்பிய கடிதங்களின் மேலுறைகளில் தசாப்தங்களாக எழுதப்பட்டு வந்த முகவரியும் காலி வீதி, கொழும்பு 6 தான். ஒழுங்கைகளின் அந்தத்தில் கடலை ஒட்டியவாறு மாத்தறை ரயில் நாளாந்தம் ஓடுகிறது. ஆனால், அந்த வீதி எந்த ஊரின் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்த ஊருக்கு ஒரு தடவையாவது போய்த் தங்கியிருக்கிறீர்களா என்று நான் கேட்டுப் பார்த்தவர்களில் பலர், கதிர்காமத்துக்குப் போகும் வழியில் பஸ் யன்னலால் பார்த்ததாகவே பதிலளித்தார்கள்.

இதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. நண்பரின் குடும்பம் 1983 ஜூலையில் வெள்ளவத்தை வீட்டை இழந்து, அகதி முகாமில் சில நாட்கள் இருந்த பின்னர் கப்பலில் காங்கேசன்துறைக்குச் சென்ற குடும்பம். கொழும்புக்குத் தெற்கே உள்ள எந்த ஊரின் பெயரையும் அவரால் உல்லாசப் பயணத்துடன் சேர்த்து நினைக்க முடியாது என்றால் அதைக் குறைசொல்ல எனக்கு அருகதை கிடையாது. காலி நகரமும் தூய கைகளுடன் நிற்கும் நகரமல்ல. 2006 ஒக்டோபர் 18 ஆம் திகதி காலித் துறைமுகத்தில் உள்ள கடற்படைத் தளத்தின் மீது விடுதலைப் புலிகள் படகுகளில் வந்து தாக்குதல் நடத்தியதை அடுத்து, நகரில் தமிழர்களின் கடைகள் தாக்கப்பட்டன. ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்ட பின்னரே நிலைமை கட்டுப்பாட்டுக்குள் வந்தது. போர்க்காலத்தில் பத்திரிகை அலுவலாக நான் அந்த நகருக்குச் சென்ற வேளைகளில் எல்லாம் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்து, அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன். கோட்டை மதிலின் மீது ஆறுதலாக உட்கார்ந்து கடலைப் பார்ப்பதற்கு எனக்குப் போர் முடிந்த பிறகும் சில வருடங்கள் தேவைப்பட்டன.

இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் நண்பருக்குக் காலியைச் சிபாரிசு செய்தேன். அதற்கான காரணத்தை இங்கே எழுதுவது, அவரைப் போன்று விடுமுறையில் வரும் ஏனையவர்களுக்கும் பயன்படக்கூடும்.

பயணத்தைச் சனிக்கிழமை காலையில் அன்றி வெள்ளிக்கிழமை பிற்பகல் கொழும்பு தேசிய நூதனசாலையில் தொடங்க வேண்டும் என்பது எனது ஆலோசனை. 1911 ஆம் ஆண்டில் காலி நகரில் வடிகால் ஒன்றின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்ட கற்பலகை ஒன்று அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409 ஆம் ஆண்டுக்குரிய அந்தக் கல்வெட்டில் மூன்று மொழிகள் உண்டு. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் திருமாலின் அம்சமாகக் கருதப்பட்ட தெனாவரை நாயனாருக்கும், பாரசீக மொழியில் அல்லாஹ்வுக்கும் சீனப் பேரரசரின் காணிக்கைகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று செல்லும் அந்தப் பட்டியல்கள் மூன்றும் ஏறத்தாழ ஒத்தவை. தமிழ்ப் பகுதியைப் பேராசிரியர் செனரத் பரணவிதான வாசித்து வெளியிட்டார். பாரசீகப் பகுதியே காலத்தினால் மிகவும் தேய்ந்து போயிருக்கிறது.

இந்தக் கல்லை வைத்து அளவுக்கு மீறிய கதைகளைக் கட்டுவதற்கு நான் விரும்பவில்லை. காலி தமிழர்களின் ஊர் என்று அது சொல்லவில்லை. இதே செங் ஹே அடுத்த ஓரிரு வருடங்களில் கோட்டே இராச்சியத்துடன் மோதி, அழகேஸ்வரனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டு சென்றவர் என்பதால், காணிக்கைகளுக்குப் பின்னால் பக்தி மாத்திரமே இருந்தது என்றும் கொள்ள முடியாது. ஆனால், ஒன்று நிச்சயம். இலங்கையின் தென்கரையில் மக்களுக்கு ஒரு செய்தியைக் கல்லில் எழுதிவைக்க வேண்டுமானால் அதற்கு எந்தெந்த மொழிகள் தேவை என்று தூரதேசத்துக் கடலோடிகள் விசாரித்து அறிந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதிலில் தமிழும் இருந்தது. 1956 இல் இந்த நாட்டின் நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல் போன விடயம் 1409 இல் சீனத் தளபதிக்குத் தெரிந்திருக்கிறது.

கல்லைப் பார்த்த பிறகு சனிக்கிழமை காலை கொழும்பு கோட்டை நிலையத்தில் ரயில் ஏறலாம். அதிவேக நெடுஞ்சாலை 2011 இல் திறக்கப்பட்ட பின்னர் வாகனத்தில் விரைவாகப் போய்விட முடியும் என்பது உண்மையே. ஆனால், அந்தப் பாதையில் கடல் தெரியாது. ரயிலில் இரண்டரை மணித்தியாலம் தொடக்கம் மூன்று மணித்தியாலம் செல்லும். வலதுபக்க ஆசனம் கிடைத்தால் கடல் கூடவே வரும். வெள்ளவத்தையைக் கடக்கும்போது, நாம் ஒழுங்கையின் முனையில் நின்று பார்த்த ரயிலுக்குள் இருந்து நமது ஒழுங்கையைப் பார்க்கும் அனுபவம் கிடைக்கும். என்னைப் பொறுத்தவரை பயணத்தின் ஆரம்பமே அதுதான்.

அம்பலாங்கொடையைத் தாண்டியதும் பேச்சைக் குறைத்துக்கொள்வது நல்லது. ஹிக்கடுவைக்குச் சற்று முன்னதாகப் பெரலிய என்ற கிராமம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை மாத்தறைக்குச் சென்றுகொண்டிருந்த ரயிலை ஆழிப்பேரலை தூக்கி வீசியது இங்கேதான். அந்த ஒரு ரயிலில் மாத்திரம் ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். அதே காலை முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நாம் எத்தனை பேரை இழந்தோம் என்பதை வாசகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. அந்த நாட்களில் செய்தி ஆசிரியர் பீடத்தில் தெற்கில் இருந்தும் கிழக்கில் இருந்தும் வந்த இறந்தோர் பட்டியல்கள் ஒரே மேசையில் அடுத்தடுத்துக் கிடந்தன. துயரம் நாட்டை ஒன்றுசேர்க்கும் என்று பலரும் எழுதினோம். உதவிகளைப் பகிர்ந்துகொள்வதற்காக 2005 ஜூனில் கைச்சாத்திடப்பட்ட பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கையின் முக்கிய ஏற்பாடுகளுக்கு அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பெரலியவைக் கடக்கும்போது எனக்கு இரண்டும் நினைவுக்கு வரும்.

காலிக் கோட்டையைப் பற்றிய விபரங்கள் எல்லா வழிகாட்டி நூல்களிலும் உண்டு. போர்த்துக்கேயர் தொடங்கியதை 1640 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் பெருப்பித்துக் கட்டினார்கள். 1796 இல் அது பிரித்தானியர் வசமானது. யுனெஸ்கோ 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பழைய வாயிலின் வெளிப்புறத்தில் பிரித்தானிய அரச இலச்சினையும், அதே வாயிலின் உட்புறத்தில் 1669 என்ற ஆண்டுடன் ஒல்லாந்துக் கம்பனியின் இலச்சினையும் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எஜமான் மாறினால் முகப்பு மாத்திரமே மாறும் என்பதை விளக்குவதற்கு அதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. மாலையில் மதிலின் மீது நடந்தால் ஒரு பக்கத்தில் கிரிக்கெட் மைதானம் தெரியும். கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் 2010 ஜூலை 22 ஆம் திகதி தனது கடைசி டெஸ்ட் போட்டியில் 800 ஆவது விக்கெட்டை வீழ்த்தியது அங்கேதான். அன்று அந்த மதிலின் மீது நின்று ஆர்ப்பரித்தவர்கள் யார் என்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது.

வழிகாட்டி நூல்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னர் வெளிச்சவீட்டின் அருகே உள்ள பள்ளிவாசல் பக்கமாக நின்று, எனது அரைகுறைச் சிங்களத்தில் முதியவர் ஒருவரிடம் வழி கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தமிழிலயே கேளுங்க தம்பி" என்றார். கோட்டைக்குள் தலைமுறைகளாக வாழும் முஸ்லிம் குடும்பங்களில் வீட்டு மொழியாகத் தமிழ் இன்னமும் இருக்கிறது. காலி மாவட்டத்தின் உட்பகுதித் தோட்டங்களில் மலையகத் தமிழ் மக்கள் வாழ்கிறார்கள். இவர்களை எல்லாம் எண்ணிப் பார்க்காமல், அங்கே எமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கும்போது 'எமக்கு' என்ற சொல்லை நாம் எவ்வளவு சிறியதாக்கி விடுகிறோம்!

கோட்டைக்குள் இன்று பழைய வீடுகள் பல ஹோட்டல்களாகவும் நகைக்கடைகளாகவும் மாறிவிட்டன. பரம்பரையாக இருந்தவர்கள் நல்ல விலைக்கு விற்றுவிட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். அழகு பேணப்படுகிறது, ஆட்கள் குறைகிறார்கள். எனவே, கோட்டைக்குள் நடந்துவிட்டு வெளியே உள்ள சாதாரண விடுதி ஒன்றில் தங்குமாறும், காலையில் மீன் சந்தைப் பக்கம் போய்வருமாறும் நண்பரிடம் சொன்னேன். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் கடல் கொந்தளிக்கும் என்பதால் குளிப்பதற்கு இறங்கக்கூடாது. பௌர்ணமியுடன் சேர்ந்து வரும் நீண்ட விடுமுறைகளில் ரயிலில் நிற்கவும் இடம் கிடைக்காது.

அரசாங்கத்துக்கும் சொல்ல வேண்டிய ஒரு விடயம் உண்டு. தமிழையும் அரசகரும மொழியாக்கிய 13 ஆவது திருத்தம் 1987 இல் நிறைவேறியது. ஆனால், தென்பகுதியில் அறிவிப்புப் பலகைகளில் தமிழ் இருக்கும் இடங்களிலும் எழுத்துப் பிழைகள் இல்லாதவற்றைக் காண்பது அரிது. அறுநூறு வருடங்களுக்கு முன்னர் கடல் கடந்து வந்த கல்லில் காட்டப்பட்ட அக்கறையின் ஒரு சிறு பங்கையாவது இன்று பலகை எழுதுபவர்களிடம் எதிர்பார்ப்பது பேராசையல்ல.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவதற்கு முன்னர் மாத்தறைக்குச் சென்று, அங்கிருந்து பஸ்ஸில் தெவிநுவரவுக்குப் போகலாம். கல்வெட்டு கூறும் தெனாவரை அதுதான். 1344 இல் வந்த இபின் பதூதா அங்கிருந்த பெருங்கோயிலைப் பற்றி எழுதியிருக்கிறார். 1588 இல் போர்த்துக்கேயர் அதை அழித்தார்கள். தம்பதெனிய மன்னன் அவையில் 1310 இல் அரங்கேறியதாகக் கொள்ளப்படும் சரசோதி மாலையை இயற்றிய போசராச பண்டிதர் தேனுவரையைச் சேர்ந்தவர் என்று பட்டப்படிப்பில் படித்தோம். பரீட்சைக்காக மனனம் செய்த அந்தப் பெயர் ரயிலும் பஸ்ஸும் போகும் ஓர் ஊராக இருக்கக்கூடும் என்று அன்று எங்களில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. இன்று அங்கே விஷ்ணு தேவாலயத்தில் சிங்கள மக்கள் பூத்தட்டுகளுடன் நிற்கிறார்கள். அவர்களுடன் வரிசையில் நிற்பதற்கு எவரும் தடையில்லை.

இரண்டு நாள் சுற்றுலாவினால் இனங்கள் மத்தியில் நல்லிணக்கம் பிறந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. அரசியல் தீர்வும் நீதியும் கடற்காற்று வாங்குவதால் கிடைக்கப்போவதில்லை. நண்பர் தனது 1983 ஐ மறக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும் எனக்கில்லை. ஆனால், எம்மை விரட்டியவர்கள் எந்தெந்த இடங்கள் எமக்குரியவை அல்ல என்று சொன்னார்களோ, அதை நாமாகவே ஏற்றுக்கொண்டு, எமது பிள்ளைகளுக்கும் அதே எல்லையைக் கீறிக்கொடுப்பது விவேகமான காரியமாக எனக்குத் தெரியவில்லை. ரொறன்ரோவில் பிறந்த பிள்ளைக்கு இலங்கை என்றால் பாதித் தீவு என்று காட்டுவதற்கு நாம் யார்?

இவற்றை எல்லாம் தொலைபேசியில் சொல்லி முடித்தபோது நண்பர் நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். வாதம் செய்யவில்லை. ஒப்புக்கொள்ளவுமில்லை. கடைசியில், "சரி மச்சான், வெள்ளிக்கிழமை பின்னேரம் கல்லைப் போய்ப் பாப்பம். ரயிலைப் பற்றி அதுக்குப் பிறகு யோசிப்பம்" என்றார். அந்த வெள்ளிக்கிழமை நூதனசாலை வாசலில் நான் அவர்களுக்காகக் காத்து நிற்பேன்.