சாம்பிராணி மணக்கட்டும், சன்னல் திறந்திருக்கட்டும்

வெள்ளிக்கிழமை மாலை குர்லாவில் எங்கள் சால் வராந்தாவில் நடந்து பாருங்கள். எது தமிழர் வீடு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. சாம்பிராணி மணமே சொல்லிவிடும். ஊரை விட்டு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகியும் நாங்கள் விடாத பழக்கம் அது.

சென்ற மழைக்காலத்தில் அதற்கு ஒரு சோதனை வந்தது. மூன்று வயதுப் பேரனுக்கு இரவெல்லாம் இழுப்பு. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, “வீட்டில் புகை போடுகிறீர்களா?” என்பதுதான். என் மனைவியின் முகம் வாடிவிட்டது. “எங்க அம்மா எங்க ஆறு பேருக்கும் தலைக்கு ஊற்றி இந்தப் புகைதானே காட்டினாங்க? எங்களுக்கு என்னங்க வந்துச்சு?” என்றாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஊரில் ஓட்டு வீடு, நடுவே முற்றம். புகை தன் வழியே மேலே போய்விடும். இங்கே பத்துக்குப் பத்து அறை, மழைக்கு அடைத்த சன்னல். புகை எங்கே போகும்?

நறுமணப் புகை நமக்கு மட்டும் உரியதல்ல. குர்லாவில் ஹார்பர் ரயில் ஏறி டாக்யார்டு ரோடில் இறங்கினால், மஜ்காவில் 1919-இல் கட்டப்பட்ட சீனக் கோயில் இருக்கிறது. அங்கே குவான் குங் என்னும் வீரத் தெய்வத்துக்குச் சீனர்கள் பத்தி ஏற்றி வணங்குகிறார்கள். நம் முன்னோர் கூந்தலுக்குப் புகையூட்டிய அகிலை அவர்களும் போற்றினார்கள். பத்தி எரிந்த அளவை வைத்து நேரம் கணித்தவர்கள் அவர்கள்.

அதே தெய்வத்துக்குத் தைவானின் தைப்பே நகரில் ஷிங்தியன் கோயில் உண்டு. 2014 ஆகஸ்டில் அங்கே பத்தி ஏற்றுவதையே நிறுத்திவிட்டார்கள். கைகூப்பி வணங்கினால் போதும் என்றார்கள். சிங்கப்பூரில் 60,000-க்கும் மேற்பட்ட சீனர்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. வீட்டில் நெடுங்காலம் பத்தி ஏற்றியவர்களிடம் மேல் மூச்சுப்பாதைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது.

ஆகவே சாம்பிராணியை விட்டுவிட வேண்டும் என்கிறேனா? இல்லை. மனைவியின் தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கிய கலய நாயனாரின் மரபு நம்முடையது. ஆனால் அவர் அதைக் கோயிலில் இட்டார். குழந்தை உறங்கும் அடைத்த அறையில் அல்ல. மணம் மனத்துக்கு இதம் தரும். அதற்காகப் புகை மருந்தாகிவிடாது.

இப்போது எங்கள் வீட்டில் வெள்ளிதோறும் கதவும் சன்னலும் திறந்திருக்கும். தூபக்கால் வாசலோடு நிற்கும். பேரன் அடுத்த வீட்டு மராத்திப் பாட்டியிடம் விளையாடிக்கொண்டிருப்பான். குளித்த தலையைத் துண்டால் துவட்டுகிறோம், புகை காட்டுவதில்லை. மருந்தும் சேர்ந்து, இழுப்பு குறைந்திருக்கிறது.

நம் சங்கக் குடும்பங்களின் தாய்மார்களையும் பாட்டிமார்களையும் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே: பழக்கத்தைக் காப்போம், பிள்ளையின் மூச்சையும் காப்போம்.